அளவறிந்து உண்ணல்: தோட்டத்து வாழ்வும் ‘மருந்து’ அதிகாரமும்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆட்பட்டிருந்தனர். மாநிலங்களுள் நெகிரி செம்பிலான் 33.2 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நின்றது. இந்தியரிடையே அந்நோய் 31.4 விழுக்காடாக இருந்தது. இதற்கு மரபுவழிக் காரணங்களும் உண்டு. ஆயினும், நாவை அடக்க இயலாமையே காரணம் என நோயாளியைக் குறைகூறுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. அக்கருத்து முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ரந்தாவ், லாபு, பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டோடு நாள் தொடங்கியது. பால்வெட்டிலும் வாளி சுமத்தலிலும் உண்ட சோறும் சர்க்கரைத் தேநீரும் செலவாயின. இறைச்சியும் பலகாரமும் பெரும்பாலும் சம்பள நாளுக்கும் திருவிழாவுக்கும் உரியவை. உணவின் அளவை அன்று வரையறுத்தவை உழைப்பும் வறுமையுமே. தனிமனித மனவுறுதி அன்று. ஆதலின் அதனைப் பொற்காலம் எனப் போற்றுதல் பொருந்தாது. பின்னர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் சிரம்பான், நீலாய் முதலிய நகர்களுக்குப் பெயர்ந்தனர். உடலுழைப்புக் குறைந்தது; திருவிழாப் பலகாரம் அன்றாடப் பண்டமாயிற்று; தட்டில் இடும் சோற்றின் அளவோ பலர் வீட்டில் மாறவில்லை. புறத்தே இருந்த வரம்பு நீங்கியபின், அதன் சுமை முழுவதும் தனிமனிதர்மேல் விழுந்தது.

இந்நிலையில் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ கருதத்தக்கது. வள்ளுவர் அங்கு உணவாசையோடு போரிடுமாறு கூறவில்லை. முன்னுண்டது செரித்ததா, நன்கு பசித்ததா, உணவு உடலுக்கு ஒத்ததா, அளவு யாது என ஆராய்ந்து உண்ணும் ஒழுங்கையே வகுக்கிறார். உளவியலறிஞர் வால்டர் மிஷல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் சிறுவரிடையே நடத்திய ஆய்வுகளும் இதற்கு நெருங்கியவை. தின்பண்டம் கண்ணில் படாது மறைக்கப்பட்டபோது சிறுவர்கள் நெடுநேரம் காத்திருந்தனர். அடக்கம் என்பது பெரும்பாலும் சூழலை முன்கூட்டியே ஒழுங்குசெய்தலாகும். 2019 ஜூலை 1 முதல் மலேசிய அரசு இனிப்புப் பானங்களுக்கு விதித்த கலால் வரியும் இத்தகைய புறவரம்பே.

மலேசியத் தமிழர் காலையுணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்பர். பசி ஆறுவதே உணவின் எல்லை என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. தமிழாசிரியர்கள் இவ்வதிகாரத்தை மனனப் பகுதியாக மட்டும் நிறுத்தாது, மாணவர் ஒரு வாரம் தாம் உண்டவற்றைக் குறித்து, பசிக்கு உண்டது எது, பழக்கத்தால் உண்டது எது எனப் பகுத்தறியச் செய்யலாம். அம்மாணவர் வழி அவ்வினா வீட்டு அடுக்களையையும் சென்றடையும். நோயுற்றோரைப் பழிப்பதினும் இதுவே பயன் தரும் எனலாம்.