ஆறு பேர், ஒரு ப்ராஜெக்ட்



டிப்ளமோவில் சேர்ந்த நாள் முதல் நம்மைப் பயமுறுத்தும் வார்த்தைகள் இரண்டு. ஒன்று அரியர், இன்னொன்று ப்ராஜெக்ட். அரியர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ப்ராஜெக்ட்டில் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால், "ஒரு மாடல் செய்யணும், அது ஓடணும், ரிப்போர்ட் பைண்டிங் பண்ணிக் கொடுக்கணும், அவ்வளவுதானே!" என்கிறார்கள் பலர்.

அவ்வளவுதான் என்றால் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்துவிடலாமே! வாங்குகிறவர்களும் உண்டு. மாடல் ஜம்மென்று ஓடும். வைவாவில் எக்ஸ்டர்னல் சார், "இந்த இடத்தில் ஏன் இந்த ரிலேயைப் போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அப்படியானால் உண்மையான எதிர்பார்ப்புதான் என்ன? பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் ராமேஸ்வரம் மண்ணில் பிறந்தவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

குரோம்பேட்டையில் மூன்று நாள்

1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர் டாக்டர் அப்துல் கலாம். யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர் அவருடைய தந்தை ஜைனுலாபுதீன். அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த பணத்தில்தான் 1950-களில் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்.

அங்கே பாடங்கள் முடிந்ததும் அவருக்கும் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். அவரோடு இன்னும் நான்கு பேர். காற்றியக்க வடிவம் கலாமின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். விமானத்தின் வெளி வடிவம் முடிவானால்தான் இறக்கைக்குள் என்ன சட்டம் போடலாம் என்று கட்டமைப்புக்காரருக்குத் தெரியும். எடை தெரிந்தால்தான் எவ்வளவு உந்துவிசை வேண்டும் என்று கணக்குப் போட முடியும். ஒருவர் தாமதித்தால் மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

டைரக்டர் பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்த்தார். முன்னேற்றம் அவருக்குத் திருப்தியாக இல்லை. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலைக்குள் வரைபடம் வரவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அக்கா நகையை வைத்துப் படிக்கிற பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்றிரவு சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வரைபலகையே கதி என்று கிடந்தார். ஞாயிறன்று பேராசிரியரே நேரில் வந்து பார்த்தபோது படம் முடியும் தறுவாயில் இருந்தது. முடியாத கெடுவைத்தான் கொடுத்தோம் என்று அவரே ஒப்புக்கொண்டு பாராட்டினார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அவர் கேட்டது முழு விமானத்தை அல்ல. கலாமின் பங்கான படத்தைத்தான் கேட்டார். உன் பங்கு எது, அதை எந்தத் தேதியில் தருவாய்? ப்ராஜெக்ட்டின் எதிர்பார்ப்பு இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

பாம்பனில் 46 நாள்

படிப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் இதே கேள்விதான். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த ரயிலும் கடலுக்குப் பலியானது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்றது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. ரயில்வேக்கு வருமுன் கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர் அவர் என்பது நமக்கெல்லாம் பெருமை!

வேலை 46 நாளில் முடிந்தது. எப்படி? விழுந்த கர்டர்கள் கடலுக்குள் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். பட்டம் பெற்ற இன்ஜினியரும் பள்ளிக்கூடம் பார்க்காத மீனவரும் ஒரே டீம். கடலை அறிந்தவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டதால் நாட்கள் மிச்சமாயின.

நம் லேபில் என்ன செய்யலாம்?

தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டு, படகில் போய் வலையை அரைவட்டமாக இறக்கி, மறுமுனையைத் தள்ளிக் கரை சேர்ப்பார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம் ஒரே சீராக இழுக்கணும். ஒரு பக்கம் அசந்தால் வலை கோணிவிடும், மடிக்கு வர வேண்டிய மீன் தப்பிவிடும். ப்ராஜெக்ட்டும் அப்படித்தான்.

முதல் வாரமே ஒரு தாளில் யாருக்கு எந்த வேலை, எந்தத் தேதி என்று எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு சேரும் இடத்தை எழுதி வையுங்கள். சர்க்யூட் செய்பவர் 12 வோல்ட் என்று நினைக்க, மோட்டார் வாங்குபவர் 24 வோல்ட் வாங்கி வந்தால் இருவர் உழைப்பும் வீண். ஷாஃப்ட் எத்தனை மில்லிமீட்டர், துளை எத்தனை என்பதும் அப்படியே. கோளாறு வருவது பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் பங்கை மற்ற ஐந்து பேருக்கும் விளக்கணும். வைவாவுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

நான்காவதுதான் முக்கியம். ஒவ்வொரு பேட்சிலும் பேசாத ஒருவர் இருப்பார். இங்கிலீஷ் வராது, கூச்சம். அவரிடம் "நீ பங்குக் காசு மட்டும் கொடு, ஜெராக்ஸ் எடுத்துட்டு வா, போதும்" என்பார்கள். அது உதவி போலத் தெரியும், உண்மையில் அவர் படிப்பைப் பறிப்பது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களைப் போன்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாமாவோ சித்தப்பாவோ எந்தக் கம்பெனியிலும் கிடையாது. இன்டர்வியூவில் "ப்ராஜெக்ட்டில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், "இந்த வெல்டிங் நான் வைத்தது, இந்தக் கணக்கு நான் போட்டது" என்று சொல்ல ஒரு பங்காவது கையில் இருக்கணும். அந்தப் பங்கை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கர்டர் எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கும், யார் கண்டது?

எனவே நண்பர்களே, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஆறு பெயர் அச்சாகப் போகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கட்டும். ஊர் கூடினால்தான் தேர் நகரும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் நகராது!