செம்பாட்டு மண்ணுக்கு இறுங்கு திரும்பட்டும்

நீர்வேலியில் வாழைக்கும் வெங்காயத்துக்கும் இறைக்கிற நீரும் குடிக்கிற நீரும் செம்பாட்டு மண்ணுக்குக் கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லில்தான் தங்கியிருக்கின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சேர்வதே நமது இருப்பு. தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சும் அதே வழியால் இறங்கக்கூடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் ஏற்கெனவே காட்டிவிட்டன. இங்கே களைநாசினியைப் பற்றிப் பேசுகிறவர் கிணற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

அரசின் முடிவுகளோ மாறிக்கொண்டே வந்தன. 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் விவசாய இரசாயன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு அந்த முடிவும் கைவிடப்பட்டது. மாற்று வழி காட்டாத தடையின் சுமை கமக்காரரின் தலையில்தான் விழும்.

வேரில் கசியும் துளி

மாற்றின் ஒரு பங்கு நாம் மறந்துவரும் தானியப் பயிரான இறுங்கின் வேரில் இருக்கிறது. அதன் இளவேரிலுள்ள நுண்ணிய மயிர்களில் மஞ்சள் நிற எண்ணெய்த் துளிகள் கசிகின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் இதை விளக்கினார்கள். துளியிலுள்ள முக்கியப் பொருள் சோர்கோலியோன். இது களை நாற்றின் ஒளித்தொகுப்பில் இலத்திரன் நகரும் பாதையை அடைத்துவிடுகிறது. அட்ரசின் என்ற களைநாசினி தாக்குவதும் அதே இடத்தைத்தான். சிறு விதையிலிருந்து முளைக்கும் அகன்ற இலைக் களைகள் இதற்கு அதிகம் அடங்குகின்றன. சோர்கோலியோன் நீரில் எளிதில் கரையாது; மண்ணில் ஒட்டி வேரருகிலேயே நிற்கும். கிணற்றுநீரை நம்பி வாழும் ஊருக்கு இது பெரிய ஆறுதல்.

நெல்வேரும் மோமிலாக்டோன் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செடியை ஒடுக்குகிறது. கென்யாவில் சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற அவரையினச் செடியை வளர்க்கிறார்கள். அதன் வேர்ச்சுரப்பு, சோளத்தை உறிஞ்சி வாழும் ஸ்ட்ரைகா களை சோள வேரைப் பற்றாதபடி தடுக்கிறது. நம்மை வாட்டும் பார்த்தீனியமும் பார்த்தெனின் என்ற நஞ்சால்தான் அயற்பயிரை அமுக்குகிறது. களை பயிர்மேல் ஏவும் ஆயுதத்தைப் பயிரும் களைமேல் ஏவலாம் என்பதே இவை சொல்லும் செய்தி.

எல்லையும் உண்டு

ஆழத்தில் கிழங்கு வைத்திருக்கும் கோரையை இறுங்கு மட்டும் ஒழித்துவிடாது. இறுங்கின் எச்சம் அடுத்து முளைக்கும் பயிரையும் பாதிக்கலாம். ஆகவே மடக்கி உழுத பிறகு, விதைக்கும் முன் இடைவெளி வேண்டும். இளம் இறுங்கில் சயனைட் நஞ்சு உண்டாவதால் அதை மாட்டுக்கு வெட்டிப் போடவும் கூடாது.

ஆகவே முதலில் நம் மண்ணிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் விவசாயத் திணைக்களமும் நீர்வேலித் தோட்டங்களில் ஒரு பரப்பில் இறுங்கு, ஒரு பரப்பில் பசளைப் பயிரான சணல், ஒரு பரப்பு வெறும் தரை என்று வைக்கட்டும். பின்பு மூன்றிலும் வெங்காயம் நட்டு, களை, புல்லுப் பிடுங்கும் கூலி, விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கமக்காரர் முன் வைக்கட்டும். அடுத்த தடையோ விலையேற்றமோ வருமுன் அந்தக் கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.