மணி அடித்தால் எல்லோரும் நிற்கும் ஊர்: புத்தரும் இயேசுவும் பூமியும் சேரும் தியான முகாமில் என்ன நடக்கிறது?

சாப்பாட்டுக்கூடத்தில் சுவர்க்கடிகாரம் மணி அடிக்கிறது. கரண்டி பிடித்த கை அப்படியே நிற்கிறது. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்துகிறார். மூன்று முறை மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. பிறகு எல்லாம் பழையபடி நடக்கிறது. தென்மேற்கு பிரான்ஸில் உள்ள ‘பிளம் வில்லேஜ்’ மடாலயத்துக்கு முதல்முறை வருபவர்களுக்கு, ‘என்ன இது, எல்லாரும் சிலை மாதிரி நிக்கிறாங்க?’ என்றுதான் தோன்றும்.

வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நாட் ஹானும் அவரோடு பணியாற்றிய சான் காங்கும் 1982-ல் தொடங்கிய இடம் இது. வருபவர்கள் எல்லோரும் பௌத்தர்கள் அல்ல. கிறிஸ்தவர்கள் வருகிறார்கள், எந்த மதமும் இல்லாதவர்களும் வருகிறார்கள். இப்போது பருவநிலை மாற்றத்தை நினைத்துத் தூக்கம் தொலைத்த இளைஞர்களும் வருகிறார்கள். மூச்சைக் கவனிப்பதற்கும் சிலுவைக்கும் சூடாகும் பூமிக்கும் என்ன சம்பந்தம்?

அங்கே என்ன செய்கிறார்கள்?

விடியற்காலையில் எழுந்து அமர்ந்து தியானம். பிறகு மெதுநடை: ஒவ்வொரு அடியும் மண்ணில் படுவதை உணர்ந்தபடி, எங்கும் போய்ச் சேரும் அவசரம் இல்லாமல் நடப்பது. பேசாமல் சாப்பாடு. பாத்திரம் கழுவுவது, தோட்டத்தில் களை எடுப்பது எல்லாம் ‘பணித் தியானம்’. மாலையில் வட்டமாக அமர்ந்து மனதில் உள்ளதைச் சொல்வார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அறிவுரை சொல்லவும் கூடாது. இரவில் முழு மௌனம்.

இவற்றின் அடியில் இருப்பது ஒரே கருத்துதான். எந்தப் பொருளும் தனியாக இல்லை. ஒரு தாளுக்குள் மரம் இருக்கிறது, மரத்துக்குள் மழை இருக்கிறது, மழைக்குள் மேகம் இருக்கிறது. மேகத்தை எடுத்துவிட்டால் தாளே கிடையாது. ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது என்ற இந்தப் பழைய பௌத்தக் கொள்கை தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் கடைசிக் காதை பன்னிரு நிதானங்கள் என்று விரித்துச் சொல்வதும் இதையே. திக் நாட் ஹான் அதைச் சுற்றுச்சூழலுக்குப் பொருத்தினார். ஆறும் காடும் ‘வெளியே’ இருப்பவை அல்ல என்றால், அவற்றைக் கெடுப்பது நம்மையே கெடுத்துக்கொள்வது.

பேச்சோடு நிற்கவில்லை. 2007-ல் அவருடைய மடாலயங்கள் பாலையும் முட்டையையும்கூட விலக்கின. வாரத்தில் ஒரு நாள் காரை எடுக்காமல் இருப்பது வழக்கமானது.

கிறிஸ்தவம் எங்கே வருகிறது?

திக் நாட் ஹானின் குடிலில், வழிபாட்டு மேடைமேல் புத்தர் படத்தோடு இயேசு படமும் இருந்தது. 1966-ல் வியட்நாம் போரை நிறுத்தக் கேட்டு அமெரிக்கா போனபோது, கென்டக்கி மாநிலத்தின் கெத்செமனி மடத்தில் கத்தோலிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டனைச் சந்தித்தார். மெர்ட்டன் அவரைத் தன் சகோதரர் என்றே எழுதினார். அடுத்த ஆண்டு, கிறிஸ்தவப் போதகரான மார்ட்டின் லூதர் கிங், நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்.

1995-ல் வெளியான ‘லிவிங் புத்தா, லிவிங் கிரைஸ்ட்’ நூலில், பௌத்தர் சொல்லும் விழிப்புணர்வும் கிறிஸ்தவர் சொல்லும் தூய ஆவியும் மிக நெருக்கமானவை என்று அவர் விளக்கினார். நற்கருணை அப்பத்தை முழுக் கவனத்தோடு உண்பதும் அவருக்குத் தியானமே. அதே சமயம், மதம் மாறச் சொல்லவில்லை. ‘உங்கள் வேருக்கே திரும்பிப் போங்கள்’ என்பதுதான் மேற்கத்தியர்களுக்கு அவர் சொன்ன யோசனை.

மௌனம் கிறிஸ்தவத்துக்கும் அந்நியமல்ல. நான்காம் நூற்றாண்டிலேயே எகிப்தின் பாலைவனத் துறவிகள் அதை வாழ்க்கையாகக் கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் கோயிலில் நடக்கும் கூட்டத்தை இன்றும் ‘தியானம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

திருச்சபை ஏற்கிறதா?

பாதி வரவேற்பு, பாதி எச்சரிக்கை. பிற மதங்களில் உள்ள உண்மையானதையும் புனிதமானதையும் திருச்சபை ஒதுக்காது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1989-ல் வத்திக்கான் வெளியிட்ட கடிதம், கீழை நாட்டு முறைகளைப் பயன்படுத்தலாம், ஆனால் கடவுளோடு பேசுவது என்ற கிறிஸ்தவ ஜெபத்தின் பொருள் மங்கிவிடக் கூடாது என்றது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிடுவதையும் அது ஏற்கவில்லை. 2015-ல் போப் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், பூமியைப் பேணுவது விசுவாசத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. இரு தரப்பும் சேர்ந்து நிற்க அது ஒரு பொதுத் தரை ஆனது.

மூச்சைக் கவனித்தால் பூமி குளிருமா?

குளிராது. மௌனமாக உட்கார்வதால் ஒரு அனல்மின் நிலையமும் மூடப்படாது. விமானத்தில் பறந்து போய்ப் பூமியை நேசிக்கக் கற்றுக்கொள்வது முரண் இல்லையா என்ற கேள்வியும் நியாயமானதே. ஊழியரிடம் கூடுதலாக வேலை வாங்க நிறுவனங்கள் தியானத்தை விற்பதும் நடக்கிறது.

ஆனால் இந்த முறை பிறந்ததே குண்டுமழைக்கு நடுவில். 1960-களில் திக் நாட் ஹானின் இளம் தொண்டர்கள் எல்லையோரத்தில் இருந்த திரா லொக் கிராமத்தைக் கட்டினார்கள். குண்டு விழுந்து அழிந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அழிந்தது. ஆனாலும் கட்டினார்கள். ‘போர் சீக்கிரம் முடியுமா?’ என்று இளைஞர்கள் கேட்டார்கள். முடியும் என்றால் பொய். முடியாது என்றால் அவர்கள் இடிந்துபோவார்கள். எதுவும் நிலையானதல்ல, போரும்தான் என்று அவர் பதில் சொன்னார்.

இன்று காலநிலைக்காக வேலை செய்பவர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். ஜெயிப்போமா என்று தெரியாது, விட்டுவிடவும் முடியாது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்போது ஐ.நா. காலநிலை அமைப்பின் தலைவராக இருந்த கிறிஸ்டியானா ஃபிகேரஸ், சொந்த வாழ்க்கையில் நொறுங்கியிருந்த நேரத்தில் தன்னைத் தாங்கியது திக் நாட் ஹானின் போதனை என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். நாடுகளின் வாதங்களை ஆழ்ந்து கேட்கவும் அதுவே உதவியது என்றார். தியானம் கொள்கைக்கு மாற்று அல்ல. கொள்கைக்காகப் போராடுபவர் சோர்ந்து விழாமல் இருக்க அது ஊன்றுகோல் ஆகலாம்.

நம்ம பக்கம் உண்டா?

பிளம் வில்லேஜோடு சேர்ந்தது அல்ல என்றாலும், பௌத்தமும் கிறிஸ்தவமும் சந்திக்கும் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் 1996-ல் ‘போதி ஜென்டோ’ தொடங்கியது. தொடங்கியவர் இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி. ஜப்பானின் காமகுராவில் யமாடா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, கற்பிக்கும் அனுமதி பெற்றவர். காஞ்சியிலிருந்து போனதாக மரபு சொல்லும் போதிதர்மரின் ஜென், ஜப்பான் வரை சுற்றிவிட்டு, ஒரு பாதிரியாரின் கையில் பழனிமலைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டிலேயே முயன்று பார்க்க

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு திக் நாட் ஹான் சொன்ன எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கமலா ஆரஞ்சு போதும். போனைத் தள்ளி வையுங்கள். தோலை உரிக்கும்போது தெறிக்கும் வாசத்தைக் கவனியுங்கள். ஒரு சுளையை மென்று முடிக்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். அந்தப் பழத்துக்குள் பூ, மழை, வெயில், பறித்த கை, லாரி ஓட்டியவர் என்று யார் யார் இருக்கிறார்கள் என எண்ணிப் பாருங்கள். மருந்தடித்த தோட்டமும், அதில் வேலை செய்தவரின் உடம்பும் அந்தப் பட்டியலில் வரும்.