காவல்துறை ஏலத்தில் வண்டி எடுப்பது
கைமாறும் வாகனங்கள் – 6

காவல்துறையும் அரசுத் துறைகளும் ஏலம் விடும் வாகனங்கள் மூன்று வகைப்படும். குற்றத்தில் பயன்பட்டதால் அரசு பறிமுதல் செய்தவை முதல் வகை. கேட்பாரற்றுக் கிடந்து, உரிமை கோரி யாரும் வராததால் நீதிமன்ற உத்தரவின்படி விற்கப்படுபவை இரண்டாம் வகை. அரசு அலுவலகங்கள் ஓட்டித் தேய்ந்தபின் கழித்துவிட்டவை மூன்றாம் வகை. வண்டியோடு என்னென்ன ஆவணங்கள் கிடைக்கும், அது மறுபடி சாலையில் ஓடுமா என்பதெல்லாம் இந்த வகையைப் பொறுத்தே அமையும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அதிகம் கேள்விப்படுவது முதல் வகையைத்தான். செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலை கேரளத்துக்குச் செல்லும் முக்கிய வழி. ரேஷன் அரிசி, மது, கஞ்சா கடத்தலைத் தடுக்க அங்கே வாகனச் சோதனை நடப்பது வழக்கம். மது வழக்கில் சிக்கிய வண்டி 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழும், ரேஷன் அரிசி ஏற்றிய வண்டி 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழும், கஞ்சா வண்டி 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் பறிமுதலாகும். அரிசி வழக்கில் சிக்கியது வாடகை வண்டியானால், கடத்திய பொருளின் சந்தை விலைக்கு மிகாத அபராதம் கட்டி உரிமையாளர் அதை மீட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மதிப்புள்ள வண்டியை மீட்க உரிமையாளர் எப்படியும் முயல்வார். அதனால் ஏலத்துக்கு மிஞ்சுபவற்றில் பழைய இரு சக்கர வாகனங்களே அதிகம்.

பிடிபட்ட வண்டி ஏலத்துக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை என்றும், யாரும் உரிமை கோராதவற்றை ஏலம் விட நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இதற்குக் கால வரம்பும் வைத்திருக்கிறது. நீதிமன்றம் 14 நாட்களுக்குள் பொருளின் விவரப் பட்டியலைத் தயாரித்து, படம் எடுத்து வைத்து, அடுத்த 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும். உரிமையாளர் யாரென்றே தெரியாத வண்டிக்குப் பொது அறிவிப்பு கொடுத்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஏல அறிவிப்பை மாவட்டக் காவல்துறை நாளிதழ்கள் வழியாக வெளியிடும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல்தான். அதற்கு முன் இப்பகுதி வழக்குகள் திருநெல்வேலி மாவட்டக் காவல்துறையின் கீழ் இருந்தன. பெரும்பாலான மாவட்டங்களில் ஆயுதப்படை மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்வையிட விடுவார்கள். ஆதார் நகலும் முன்வைப்புத் தொகையும் கொடுத்துப் பதிவு செய்தவரே ஏலம் கேட்கலாம். ஏலம் கிடைக்காதவருக்கு முன்பணம் திரும்பிவிடும். எடுத்தவர் முழுத் தொகையையும் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போகும். அதிகாரிகள் முன்கூட்டியே ஒரு மதிப்பு நிர்ணயித்திருப்பார்கள். அதற்குக் கீழே கேட்டால் வண்டி கிடைக்காது.

விற்பனை ‘உள்ளது உள்ளபடி’ நடப்பதால், எடுத்தபின் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டவெளியில் நின்ற வண்டி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்திருக்கும். பெட்ரோல் டேங்கின் உட்புறத் துரு, வெடித்த டயர், செத்த பேட்டரி, எலி கடித்த வயர் ஆகியவை இருக்கும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். சாவி இல்லாத வண்டிகளும் உண்டு. இவையெல்லாம் மாற்றக்கூடியவை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அப்படியல்ல. ஏலப் பட்டியலில் உள்ள எண்ணோடு வண்டியில் பொறித்த எண் ஒத்துப்போகிறதா, சுரண்டிய தடயம் உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. அடுத்து, பதிவு எண்ணை வைத்து பரிவாஹன் தளத்தில் ஆர்.சி. காலாவதி, கடன் பதிவு, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

விலையைக் கணக்கிடும்போது ஏலத் தொகையோடு நின்றுவிடக் கூடாது. 12,000 ரூபாய்க்கு ஒரு பைக் எடுத்து, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 14,160 ரூபாய் ஆகிறது. ஏற்றிவரும் வாடகை, மெக்கானிக் கூலி, டயர், பேட்டரி, காப்பீடு, புகைச் சான்று, பெயர் மாற்றக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். பதினைந்து ஆண்டு தாண்டியதென்றால் தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரியும் சேரும். இந்தக் கூட்டுத்தொகை அதே மாடலின் வெளிச்சந்தை விலையை நெருங்கினால் ஏலத்தில் எடுப்பதில் லாபமில்லை.

பெயர் மாற்றத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 57ஆம் விதியே அடிப்படை. வண்டியைக் கையில் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32இல், ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்றையும், ஏலத்துக்கு அனுமதித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலையும் இணைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மேலகரத்துக்காரருக்கு அது டிஎன் 76 எண் தரும் தென்காசி அலுவலகம். நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கும், போலி எண் கொண்ட வண்டிக்கும் ஏலம் விட்ட துறையின் பெயரில் புதிய எண் கொடுத்து, பிறகு வாங்கியவர் பெயருக்கு மாற்றுவதற்கு அதே விதி வழிசெய்கிறது. எல்லைப் பகுதியில் கேஎல் எண் வண்டிகளும் ஏலத்துக்கு வரலாம். அவற்றைத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற கேரள அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் இங்கே வரியும் தேவை என்பதால் அலைச்சலும் செலவும் கூடும்.

மூன்றாம் வகையான அரசு ஜீப்புகளின் நிலை 2023 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. பதினைந்து ஆண்டு முடிந்த அரசு வாகனத்தின் பதிவை இனிப் புதுப்பிக்க முடியாது. பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். இதுபோலவே ‘கழிவு’ என்று குறிப்பிட்டு ஏலம் விடும் எந்த வண்டிக்கும் ஆர்.சி. கிடைக்காது. பழைய இரும்பு வியாபாரிக்கே அது பயன்படும்.

ஆகவே ஏலம் கேட்கும் முன் அதிகாரியிடம் கேட்க வேண்டியவை மூன்று: இந்த வண்டி ஓட்டத்துக்கா, கழிவுக்கா? பறிமுதல் உத்தரவின் மீது மேல்முறையீடு நிலுவையில் உள்ளதா? விற்பனைச் சான்றும் உத்தரவு நகலும் எந்த நாளில் கையில் கிடைக்கும்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் கை தூக்காமல் இருப்பதே நல்லது.

(தொடரும்)