குழாயில் ஒயர் சுற்றினால் தண்ணீர் மாறுமா?

எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர்தான். ஷவர் துளைகள் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்திவிட்டுக் குளிக்க வேண்டும். சென்ற மாதம் ஒருவர் வந்தார். மொட்டைமாடிக் குழாயில் ஒயரைச் சுற்றி, சிறு பெட்டியை பிளக்கில் செருகினார். "சாஃப்ட்னர் சார். உப்பே போட வேண்டாம்" என்றார்.

உப்புத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதி இருக்கிறது. நாக்கில் கரிப்பது சோடியம் உப்பு. சோப்பை நுரைக்கவிடாமல், கீசர் காயிலில் ஓடுபோல் படிவது கால்சியமும் மெக்னீசியமும். இந்த இரண்டாவதுதான் கடினத்தன்மை. குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500.

வழக்கமான சாஃப்ட்னருக்குள் ரெசின் மணிகள் இருக்கும். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்துப்போனால் உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். உப்பு மூட்டை வாங்குவதும், கழிவுநீரை வெளியேற்றுவதும் தொல்லைதான். ஆனால் கால்சியம் போய்விடும்.

ஒயர் பெட்டி எதையும் வெளியேற்றுவதில்லை. விற்பவரே மறுக்கமாட்டார், மின்காந்த அலை கால்சியத்தைச் சுவரில் ஒட்டாத துகளாக்கிவிடும் என்பார். யோசனை பழசு: காந்தத்தால் படிவைத் தடுக்க பெல்ஜியத்தில் 1945-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். சில ஆய்வுகளில் படிவு குறைந்தது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஓடுகிற வேகம், சூடு, குழாயின் உலோகம் என்று எதைத் தொட்டாலும் முடிவு மாறுகிறது. அப்படியிருக்க, சாஃப்ட்னர் என்ற பெயர் மட்டும் எப்படிப் பொருந்தும்?

வந்தவர், நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளை (டி.டி.எஸ்.) காட்டும் மீட்டரையும் எடுத்தார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ரெசின் சாஃப்ட்னரேகூட டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது, ஒரு உப்புக்குப் பதில் இன்னொன்று, அவ்வளவே. பார்க்க வேண்டியது கடினத்தன்மைச் சொட்டுச் சோதனை. சிவந்த நீர் நீலமாகும்வரை சொட்டுகளை எண்ணினோம். ஒயருக்கு முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை. சோப்பும் அதே பிடிவாதத்தில் திரிதிரியாகத் திரண்டது.

"படிவு குறையும் சார், அதைப் பாருங்க" என்றார். சரி, ஆறு மாதம் கழித்துக் கீசர் காயிலைக் கழற்றுவோம், படிந்திருந்தால் பணம் வாபஸ் என்று எழுதிக் கொடுங்கள் என்றோம். ஆபீஸில் கேட்டுவருவதாகச் சொல்லி ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை.