நாடி தவறினால் யாரிடம் அனுப்புவது?

நாடி பார்த்து வியாதியை நிர்ணயிப்பது நம் நாட்டாருக்குப் புதிதன்று. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துத் துடிப்பின் கதியைக் கொண்டே உடல்நிலையை உரைத்த வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். இன்றோ ரத்த அழுத்தம் பார்க்கும் மின்சாரக் கருவி கையைப் பற்றிக்கொள்ளுகிறது, ஓர் எண் தெரிகிறது, அத்துடன் சரி. எத்தனை துடிப்பு என்பதைக் கருவி சொல்லும். துடிப்பு ஒழுங்காக வருகிறதா என்பதை எல்லாக் கருவிகளும் சொல்வதில்லை. இதனால் விளையும் கேடு சிறிதன்று.

ஹிருதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் வியாதி ஒன்றுண்டு. டாக்டர்கள் இதனை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். சிலருக்குப் படபடப்பும் இளைப்பும் தோன்றும்; சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்ஷவாதம். அந்த அபாயம் மற்றவர்களைவிட இவ்வியாதியஸ்தருக்கு ஏறக்குறைய 5 மடங்கு. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் முதியோர் வியாதி. நம் நாட்டிலோ, சிறு வயதில் கண்ட ருமாட்டிக் ஜுரத்தால் வால்வு சுருங்கிப்போன நடுவயதினரையும், அவர்களிலும் விசேஷமாகப் பெண்களையும், இது பற்றுகிறது. அவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

இத்தகையோரை ஹிருதய நிபுணரிடம் அனுப்பவேண்டுமென்பதில் அபிப்பிராய பேதமில்லை. எவ்வாறு அனுப்புகிறோம் என்பதே கேள்வி. 'மேல் சிகிச்சைக்கு' என்று ஒரு வரி எழுதிய சீட்டுடன், ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு, நோயாளி ஜில்லாத் தலைநகருக்குப் போய்ச் சேருகிறார். அதற்குள் படபடப்பு நின்றுவிடுகிறது. அங்கே எடுத்த ஈ.ஸி.ஜி. பழுதின்றி இருக்கிறது. "ஒன்றுமில்லை, அம்மா, போய் வாருங்கள்" என்று திருப்பியனுப்புகிறார்கள். படபடப்பு இருந்தபோது எடுத்த காகிதமோ உள்ளூர் ஆஸ்பத்திரி மேஜையிலேயே கிடக்கிறது! நிபுணருக்கு வேண்டிய சாட்சி அந்த ஒரு சாண் காகிதமே. அதனைச் சீட்டுடன் பின்னி அனுப்புவதற்கு எந்தச் சட்டம் தடை? அக்காகிதத்தின் அச்சு நாளடைவில் வெளுத்துப்போகக்கூடியதாதலால், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொடுத்தாலும் போதும்.

திடீரென்று தோன்றித் திடீரென்று நிற்கும் படபடப்புள்ள இளம்பெண்களின் கதி இன்னும் பரிதாபகரமானது. அவர்களுக்கு 'மனக்கலக்கம்' என்று எளிதில் பட்டம் சூட்டிவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு ஹிருதயத்தினுள் மின்னோட்டம் சுற்றிவரும் உபரிப் பாதையொன்று இருக்கிறது. காலின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி அப்பாதையைச் சுட்டுவிட்டால், பெரும்பாலோருக்கு வியாதி அறவே நீங்குகிறது.

ஆனால் யாவரையும் பட்டணத்துக்கு ஓட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. திடகாத்திரமான ஒருவருக்கு எப்போதோ ஒரு துடிப்பு முந்தி வந்தால், அவருக்கு வேண்டியது ஒரு ஈ.ஸி.ஜி.யும் தைரிய வார்த்தையுமே. மயக்கம், மார்வலி, மூச்சுத்திணறல் இவற்றுடன் நாடி தவறுபவரையும், நாடி மிகவும் மந்தமாகி மயங்கி விழுபவரையும் அன்றைய தினமே அனுப்பியாகவேண்டும். வரிசை முழுவதும் முதல்வகையாரால் நிரம்பிவிட்டால் பின்னவர்க்கு இடமேது?

நிபுணரைக் காணும்வரை உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்திவைப்பதும் பிசகு. ரத்தக்கசிவு அபாயத்தை ஆராய்ந்து உள்ளூர் டாக்டரே அதனைத் தொடங்கலாம். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்பரின்தான், வால்வு சுருங்கியவர்க்கு இன்றும் உற்ற மருந்து. 24 தேசங்களில் 4,500-க்கு மேற்பட்ட ருமாட்டிக் ஹிருதய நோயாளிகளிடம் நடத்தி 2022-இல் வெளியான பரிசோதனையில், புதிய மருந்தாகிய ரிவராக்ஸபானைவிட வார்பரின் வகை மருந்து உண்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது. எனினும் அதனை உண்பவர் அடிக்கடி ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். பெரும்பாலோர்க்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே நிற்கவேண்டும். இதற்காக மாதந்தோறும் பட்டணத்துக்குப் பஸ் ஏறச் சொல்லுவது மருந்தையே நிறுத்தச் சொல்லுவதற்குச் சமானம். சர்க்கார் இப்பரிசோதனையை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் தவறாமல் கிடைக்கும்படி செய்யவேண்டும். நிபுணர்களும், கண்டது இன்னது, கொடுத்த மருந்து இன்னது, மறுபடி அனுப்பவேண்டிய காலம் இன்னது என்று உள்ளூர் டாக்டருக்கு ஒரு பதில் கடிதம் எழுதவேண்டும்.