வானவெளிப் படங்கள்: எதைக் கொண்டு மதிப்பது?

“சேர், வானவெளியிலே காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஒலி செல்லாது என்று நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள்? பிறகேன் இந்தப் படத்திலே ஓடம் வெடிக்கிறபோது இவ்வளவு பெரிய சத்தம் கேட்கிறது?”

பாடசாலை விடுமுறையில் ஒரு மாலை, கல்முனையில் எமது இல்லத்து முன்கூடத்தில், உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் நாம் ஆங்கிலப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பொழுது மருதமுனையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் விடுத்த வினா இது. வினா சிறிது, ஆயினும் வானவெளிப் படங்களை உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் நல்ல உரைகல் வேறில்லை. பெருந்தொகைப் பணத்தைக் கொட்டி, கோள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எமது செவிகளையும் அடைத்து அனுப்பும் படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றைப் ‘பெருமுயற்சி’ என்று விளம்பரங்கள் கூறுகின்றன. உண்மையில் எது பெருமுயற்சி? பல்லாண்டுகளாக இத்தகைய படங்களைத் தேடிப் பார்த்துவரும் இரசிகர் என்ற முறையில் எமது கருத்தை வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

சந்திரனின் கண்ணிற் பாய்ந்த குண்டு

வானவெளிப் பயணம் மெய்யாவதற்கு நெடுங்காலம் முன்பே அது திரையில் தொடங்கிவிட்டது. 1902ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு மந்திரவித்தைக்காரரான ஜோர்ஜ் மெலியே, தமது சிறிய படமொன்றில் மனிதர்களைப் பெரிய பீரங்கிக் குண்டொன்றினுள் இருத்திச் சந்திரனுக்கு அனுப்பினார். அக்குண்டு சந்திரனின் கண்ணிலே போய்க் குத்தி நின்றது! அதில் விஞ்ஞானம் இல்லை. குழந்தையுள்ளத்தின் விளையாட்டே உண்டு. 1929இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் சந்திரப் பயணத்தைப் படமாக்கியபோது, ஹெர்மன் ஓபெர்த் என்னும் ராக்கெட் விஞ்ஞானியைத் தமக்கு ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். ராக்கெட் புறப்படுமுன் எண்களைத் தலைகீழாக எண்ணும் வழக்கத்தை உலகறியச் செய்தது அப்படமே. கற்பனை விஞ்ஞானத்திடம் பாடங் கேட்டது. விஞ்ஞானமும் கற்பனையிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டது.

எமது தீவில் வாழ்ந்த எழுத்தாளர்

மாணவரின் வினாவுக்குத் தக்க விடையளித்த படம் 1968இல் வந்தது. ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ என்று பொருள்படும் அப்படத்தை ஸ்டான்லி கியூப்ரிக் நெறிப்படுத்தினார். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஆதர் சி. கிளாக். இவர் எமக்கு அந்நியர் அல்லர். 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும் வரை இத்தீவையே தமது இல்லமாகக் கொண்டவர். திருகோணமலையில் கடலினுள் மூழ்கி, பழைய கோணேசர் ஆலயத்தின் இடிபாடுகளை நேரிற் கண்டவர்களுள் அவரும் ஒருவர். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால், அவை பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும் என்றும், அவற்றின் வழியே உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்றும் 1945இலேயே எழுதியவர் அவர். இன்று கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை வீட்டுக் கூரைகளிலே வானை நோக்கிக் கவிழ்த்த குடை போல் நிற்கும் ‘டிஷ்’கள் யாவும் அந்தக் கணக்கையே நம்பி நிற்கின்றன.

அப்படத்தில் வானவெளிக் காட்சிகளில் வெடியோசை இல்லை. விண்ணோடத்துக்கு வெளியே செல்லும் வீரனின் மூச்சொலி மாத்திரமே எமக்குக் கேட்கிறது. ஓடத்தினுள் எடையுணர்வு வேண்டுமாயின் அதனைச் சுழற்ற வேண்டும் என்பது பௌதிகம். ஆகவே 38 அடி விட்டமும் ஏறத்தாழ 30 தொன் எடையும் கொண்ட சுழல்சக்கரமொன்றை உண்மையாகவே கட்டி, அதனுள் நடிகரை ஓடவிட்டுப் படம் பிடித்தனர். இயற்கையின் விதிக்குப் பணிந்து நடப்பது விதியை மீறுவதிலும் கடினம் என்பதை இதனால் அறிகிறோம்.

எனினும் குறையையும் கூறிவிட வேண்டும். படம் முடிந்தபின் அதில் வரும் மனிதர் எவரையும் நினைத்து எம்மனம் கலங்குவதில்லை. தன் நினைவு சிறிது சிறிதாக அழிக்கப்படுவதை உணர்ந்து கெஞ்சும் கணினிக்காகவே இரங்குகிறோம். முதல் உரைகல்லில் அப்படம் பொன். இரண்டாவது உரைகல் ஒன்றும் உண்டு என்பதை எமக்கு உணர்த்தியதும் அதுவே.

தமிழ்த் திரையின் கனவு

தமிழ்ப்படம் இத்துறையிற் பின்தங்கியது என்போர் ‘கலையரசி’யை மறந்தவர்கள். யூரி ககாரின் பூமியை வலம் வந்த இரண்டாண்டுகளின் பின், 1963இல், ஏ. காசிலிங்கம் நெறியாள்கையில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த படம் அது. விஞ்ஞானத்தில் மிக வளர்ந்தும் இசையும் கலையும் அறியாத வேற்றுலகத்தவர், பூமிக்கு வந்து பாடகியொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். அவளை மீட்க நாயகனும் அவ்வுலகுக்குச் செல்கிறான். விண்கலமும் உடையும் இன்று நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா என்று பிள்ளைகளைப் பிரித்துவிட்டு, கலையைக் கற்கும் பிள்ளையை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பெற்றோருக்கு அக்கதை கூறும் செய்தி நகைப்புக்குரியதன்று. கலையற்ற உலகம் களவெடுக்க வேண்டி வந்தது!

2018இல் வெளிவந்த ‘டிக் டிக் டிக்’, இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2024இல் வந்த ‘அயலான்’ வேற்றுலகத்தவன் ஒருவனைத் தமிழ் நிலத்துக்கு அழைத்து வந்தது. காட்சிகள் வளர்ந்துள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் நாயகன் எதனையும் வெல்வான் என்று முன்னரே தெரிந்துவிட்டால் வானவெளியின் அச்சம் எங்கே நிற்கும்? பணமில்லை என்பதும் முழுமையான சாட்டு ஆகாது. 2014இல் செவ்வாயை எட்டிய மங்கள்யானுக்கு ஆன செலவு ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபாய். 2013இல் வந்த ‘கிராவிட்டி’ என்னும் ஆங்கிலப் படத்தின் செலவு அதனினும் மிகுதி. சிக்கனமாகச் சிந்தித்தால் செவ்வாய்க்கே போகலாமெனில், நல்ல கதை எழுத முடியாதா?

ஒரு மணி, ஏழு ஆண்டுகள்

இனி அன்று மாலை நாம் பார்த்த இரண்டாவது படத்துக்கு வருவோம். அது 2014இல் கிறிஸ்டோபர் நோலன் உருவாக்கிய ‘இன்டர்ஸ்டெல்லர்’. பின்னாளில், 2017இல், நோபல் பரிசு பெற்ற கிப் தோர்ன் அதன் விஞ்ஞான ஆலோசகர். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. எமது கைத்தொலைபேசிக்கு வழிகாட்டும் செய்மதிகளின் கடிகாரங்கள், அவர் கூறிய விளைவுகளினாலே, பூமியிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ செக்கன் முந்துகின்றன. அதைத் திருத்தாவிடில் வழி தவறும். படத்திலோ கருந்துளையருகே உள்ள கோளொன்றில் ஒரு மணி நேரம் கழிந்தால், பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அக்கோளில் எங்கும் நீர். தொலைவில் மலையென நின்றது மலையன்று, அலை எனத் தெரிந்த கணத்தில், எம்முடன் இருந்த அயல்வீட்டு அம்மையார் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கடல் கொண்டது எமது அம்பாறை மாவட்டத்திலேதான். நாமும் படத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தோம்.

பின்னர் அக்காட்சி வந்தது. நாயகன் ஓடத்துக்குத் திரும்புகிறான். அவனுக்குச் சில மணி நேரமே ஆயிற்று. பூமியில் இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிற் காண்கிறான். சிறுவன் இளைஞனாகிறான், மணமுடிக்கிறான், தந்தையாகிறான். பதில் சொல்ல வழியின்றித் தந்தை அழுகிறான்.

சத்தத்தைப் பற்றிக் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசவில்லை. படம் முடிந்தபின், “வாப்பா கட்டாருக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது, சேர். ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் முதல் என்னைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பார். உம்மா அந்தக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை” என்றார்.

நாம் தேடிய இரண்டாவது உரைகல் இதுவே. வானவெளி என்பது முதலில் தூரம். தூரத்தால் மனிதர் எதை இழக்கின்றனர் என்பதை அறிந்த படமே, எவ்வளவு தொலைவு சென்றாலும் எம்மை வந்தடைகிறது. அந்த இழப்பை எமது கரையோர ஊர்கள், தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும், நன்கறியும். வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசித் திரையிற் பிள்ளையின் பிறந்தநாளைக் காணும் தந்தையர் இங்கே தெருவுக்குத் தெரு உளர். தமிழில் சிறந்ததொரு வானவெளிக் கதையை எழுத வேண்டிய பொருள் இம்மாணவர்களின் வீட்டுச் சுவர்களிலேயே இருக்கிறது. பௌதிகத்தைப் பிழையறக் கற்று, தமிழையும் விடாது பயின்றால், அதனை எழுத அவர்களால் இயலும் என்றே நாம் நம்புகிறோம்.

அடுத்த விடுமுறையில் ‘கலையரசி’யைப் பார்ப்பதென முடிவாயிற்று. அதிலுள்ள பௌதிகப் பிழைகளை எண்ணிக் குறிக்கும் பொறுப்பை அம்மாணவர் தாமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார். பாட்டுகளுக்கு அவர் புள்ளி குறைக்கக்கூடாது என்பது மட்டுமே எமது நிபந்தனை.